எல்லாருக்கும் மேலே இருக்கும் அதிகாரி

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் காணி உள்ள குடும்பங்களில் மனு எழுதுவதற்கென்றே ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. பெரியப்பாவின் பன்னிரண்டு பரப்புச் செம்மண் தோட்டக்காணி 1990 ஜூன் மாதத்திலிருந்து இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள், முட்கம்பிக்கு அப்பால் கிடக்கிறது. அதற்குரிய கடதாசிகளை அவர் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். உறுதியின் நிழற்பிரதி, கிணறும் எல்லைப் புளியமரமும் குறிக்கப்பட்ட நில அளவைப் படம், குடும்ப அட்டை ஆகியவற்றுக்கு மேலே, இதுவரை அனுப்பிய மனுக்களின் பிரதிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பிரதியின் மூலையிலும் பதிவுத் தபால் துண்டு குண்டூசியால் குத்தப்பட்டிருக்கும். பழைய மனுக்களில் அந்த ஊசிகள் துருப்பிடித்து, துருக்கறை தாளுக்குள் இறங்கி, முகவரியின் முதல் வரியைத் தின்றுவிட்டது. யாருக்கு அனுப்பினோம் என்பதையே சிலவற்றில் இப்போது வாசிக்க முடியாது.

கடைசியாக எழுத உட்கார்ந்தபோது பெரியப்பா சொன்னார்: “தம்பி, இந்தமுறை ஆமியில எல்லாருக்கும் மேலை இருக்கிற பெரியவருக்கு எழுது. கீழை இருக்கிறவைக்கு எழுதி எழுதி என்ன கண்டம்?” அவர் கேட்டது நியாயம். முன்னைய மனுக்களுக்கு வந்த பதில்கள் எல்லாம், முடிவெடுக்கும் அதிகாரம் தமக்கு இல்லை, வேறோர் இடத்துக்கு அனுப்பியுள்ளோம் என்றே முடிந்திருந்தன. அப்படி அனுப்பி அனுப்பிக் கடைசியில் அந்தக் கடிதம் போய்ச் சேரும் மேசை எது, அதன் பின்னால் இருப்பவர் யார் என்று நான் தேடத் தொடங்கினேன். மனுவை அன்றைக்கே எழுதி முடித்தாயிற்று. கேள்விதான் முடியவில்லை. நாட்டின் மிக உயர்ந்த இராணுவ அதிகாரியின் வேலை உண்மையில் என்ன, அவரால் எதைச் செய்ய முடியும், எதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி பல மாதங்களாக என்னை விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் இராணுவத் தளபதியே படைகளில் பெரியவர் என்பார்கள். சட்டப்படி அது சரியல்ல. இராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனித் தளபதிகள் உண்டு. அவர்களுக்கு மேலான நிலையில் பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானி என்ற பதவி இருக்கிறது. அரசியலமைப்பின்படி ஜனாதிபதியே முப்படைகளின் பிரதம தளபதி. சீருடை அணிந்தவர்களுக்குள் மிக உயர்ந்த பதவி பிரதானியுடையது. 2009 மே மாதத்தில் அந்தப் பதவியில் இருந்தவர் யார் என்று கேட்டால் எங்கள் ஊரில் பத்துக்கு ஒன்பது பேர் சரத் பொன்சேகா என்று சொல்வார்கள் என நினைக்கிறேன். அப்போது அவர் இராணுவத் தளபதி. பதவிநிலைப் பிரதானியாக இருந்தவர் விமானப்படையைச் சேர்ந்த எயார் சீஃப் மார்ஷல் டொனால்ட் பெரேரா. முள்ளிவாய்க்காலில் அத்தனை நடந்துகொண்டிருந்தபோது நாட்டின் மிக மூத்த படையதிகாரியாக இருந்தவரின் பெயர், அந்தப் போரின் முழுப் பாரத்தையும் சுமந்த எங்களுக்கே தெரியாமல் இருக்கிறது. இதை எங்கள் மறதி என்று சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பதவி அமைந்திருக்கும் விதமே அப்படித்தான் இருக்கிறது.

அதிகாரம் இல்லாத உயரம்

பதவிநிலைப் பிரதானியின் பணியை வரையறுக்கும் சட்டம் 2009 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். பாதுகாப்புச் செயலாளரின் பணிப்புக்கும் மேற்பார்வைக்கும் கீழ் நின்று, முப்படைகளுக்கான மூலோபாய வழிகாட்டலுக்கு உதவுவதும், கூட்டு நடவடிக்கைகளுக்கான திட்டங்களை ஒருங்கிணைப்பதுமே அதன் சாரம். படையணி ஒன்றை இங்கிருந்து அங்கே நகர்த்துவதற்கோ, முகாம் ஒன்றை மூடுவதற்கோ, வேலி ஒன்றைப் பின்னால் எடுப்பதற்கோ நேரடியாகக் கட்டளையிடும் அதிகாரம் அவருடைய கையில் இல்லை. அந்தக் கட்டளைகள் அந்தந்தப் படைத் தளபதிகளின் வழியே இறங்குகின்றன. பலாலியில் உள்ள யாழ். பாதுகாப்புப் படைத் தலைமையகத்தின் கட்டளைத் தளபதி இராணுவத் தளபதிக்குக் கீழ்ப்பட்டவர்; பிரதானிக்கு அல்ல.

இதை மிகக் கடுமையான சொற்களில் வெளியே சொன்னவர் அந்தப் பதவியில் இருந்த ஒருவரே. போர் முடிந்த கையோடு நான்கு நட்சத்திர ஜெனரலாக உயர்த்தப்பட்ட பொன்சேகா, 2009 ஜூலையில் இராணுவத் தளபதிப் பதவியிலிருந்து விலக்கப்பட்டுப் பதவிநிலைப் பிரதானியாக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் ஜனாதிபதிக்கு அவர் அனுப்பிய விலகல் கடிதம் பத்திரிகைகளில் வந்தது. பதவி உயர்ந்ததாயினும் வெறும் ஒருங்கிணைப்புப் பொறுப்பைத் தவிர அதில் அதிகாரம் எதுவும் இல்லை என்பதும், அதன் அதிகாரங்கள் குறித்துத் தமக்குத் தவறான எண்ணம் ஊட்டப்பட்டது என்பதும் அவர் அதில் அடுக்கிய முறைப்பாடுகளுள் முக்கியமானவை. அக்கடிதத்தில் இடம்பெயர்ந்த மக்களின் நிலை பற்றிய கவலையும் இருந்தது. அப்போது செட்டிகுளம் முகாம்களில் எங்கள் உறவினர்கள் இருந்தார்கள். அந்த வரியை நாங்கள் பலமுறை வாசித்தோம்.

உலகத்தின் பல நாடுகளிலும் இந்தப் பதவி இப்படித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் கூட்டுப் படைத் தலைவர்களின் தலைவர் சீருடையினரில் மிக உயர்ந்தவர்; 1986 ஆம் ஆண்டின் கோல்ட்வாட்டர்–நிக்கல்ஸ் சட்டம் அவரை ஜனாதிபதியின் முதன்மை இராணுவ ஆலோசகராக்கியது; ஆனால் எந்தப் படைக்கும் கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. கட்டளை ஜனாதிபதியிடமிருந்து பாதுகாப்புச் செயலாளருக்கும், அவரிடமிருந்து களத்திலுள்ள பிராந்தியத் தளபதிகளுக்கும் போகிறது. இந்தியா இத்தகைய பதவியை உருவாக்கவே நெடுங்காலம் தயங்கியது. கார்கில் போருக்குப் பின் எழுந்த பரிந்துரை நிறைவேற 2020 ஜனவரி வரை ஆயிற்று. முதல் பிரதானியான ஜெனரல் பிபின் ராவத் 2021 டிசம்பரில் குன்னூருக்கு அருகே ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தபின், ஒன்பது மாதங்களுக்கு மேலாக அந்த நாற்காலி வெறுமையாகவே இருந்தது. பிரதானி இல்லாமலும் அந்தப் பெரிய நாட்டின் படைகள் வழமைபோல் இயங்கின என்பதே, கட்டளை வேறிடத்தில் இருக்கிறது என்பதற்குச் சான்று.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூன்று படைகளின் துப்பாக்கிகளும் ஒரே மனிதரின் சொல்லுக்கு அசையுமானால், மக்கள் தெரிவுசெய்தவர்கள் அவருடைய தயவில் வாழ வேண்டியிருக்கும். இலங்கை அந்தப் பயத்தை 1962 ஜனவரியில் மிக நெருக்கமாகக் கண்டது. இராணுவ, கடற்படை, பொலிஸ் உயரதிகாரிகள் சேர்ந்து திட்டமிட்ட சதி கடைசி மணித்தியாலங்களில் முறியடிக்கப்பட்டது. அதன் பின் எந்த அரசும் படைத்தலைமையை ஒரு கையில் முழுமையாகக் கொடுக்க விரும்பவில்லை. 1985 இல் கூட்டு நடவடிக்கைத் தலைமையகம் உருவானதும், 1999 இல் அதன் இடத்துக்குப் பதவிநிலைப் பிரதானி வந்ததும் போர் நெருக்கியதால்தான். படைத்தலைவர்களின் கையைக் கட்டிவைக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. படைகள் நிறைந்த ஊரில் வளர்ந்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு சிறு விலகல். இந்த நாட்டின் இராணுவத்துக்குத் தலைமை தாங்கிய முதல் இலங்கையர் ஒரு தமிழர் என்பதை எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அன்ரன் முத்துக்குமாரு 1955 முதல் 1959 வரை இராணுவத் தளபதியாக இருந்தார். அறுபதுகளில் ராஜன் கதிர்காமர் கடற்படைத் தளபதியாக இருந்தார். அப்படி ஒருவர் மறுபடி அந்த இடத்தில் அமர்ந்தால் எங்கள் காணிகள் வந்துவிடும் என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அதை நம்பவில்லை. ஆள் மாறினாலும் அந்த அறையில் என்ன பேசப்பட்டது என்பது வெளியே வராத ஏற்பாடு மாறாது.

2002 டிசம்பர்

பழைய செய்திகளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒரு விடயம் உறைத்தது. அது பலரும் அறிந்த சம்பவம். நானும் அப்போது பத்திரிகையில் வாசித்தவன். ஆனால் பெரியப்பாவின் கேள்வியோடு சேர்த்து அதை ஒருபோதும் நான் பார்த்திருக்கவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. இடம்பெயர்ந்தவர்கள் ஊர் திரும்புவது பற்றிப் பேசுவதற்கு இரு தரப்பும் அமர்ந்த ஓர் உபகுழு இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், அப்போது மேஜர் ஜெனரலாகவும் யாழ். பாதுகாப்புப் படைகளின் கட்டளைத் தளபதியாகவும் இருந்த பொன்சேகா ஓர் எழுத்துமூல ஆலோசனையை முன்வைத்தார். விடுதலைப் புலிகளின் ஆயுதக் களைவோடு இணைக்கப்படாமல் உயர் பாதுகாப்பு வலயங்களைக் குறைக்க முடியாது என்பது அதன் சாரம். அது வெளியானதும் பேச்சு இறுகியது. சில வாரங்களில் புலிகள் அந்த உபகுழுவிலிருந்து விலகினார்கள். அரசு ஓய்வுபெற்ற இந்திய லெப்டினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியாரிடம் தனியாக ஆலோசனை கேட்டது. வேலி இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2009 நவம்பரில் நாட்டின் மிக உயர்ந்த படையதிகாரியாக இருக்கும் ஒருவர் தமக்கு அதிகாரமே இல்லை என்று முறையிடுகிறார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், தரத்தில் இரண்டு படி கீழே இருந்தபோது, அதே மனிதர் எழுதிய ஆலோசனை ஒன்று ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீடுதிரும்பலைத் தடுத்துவைக்கப் போதுமானதாக இருந்தது. கட்டளையிடும் அதிகாரத்தை மட்டும் வைத்து அளந்தால் இந்த முரணுக்கு விளக்கம் கிடைக்காது. ஒரு படைத்தலைவர், “பாதுகாப்புக் காரணங்களுக்காக இது கூடாது” என்று எழுதிவிட்டால், அதை மீறிக் கையொப்பமிட எந்த அரசியல்வாதிக்கும் துணிவு வருவதில்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால் பழி தன் தலையில் விழும் என்று அவர் அஞ்சுவார். ஆகவே ஆலோசனையாகப் புறப்பட்டது, கீழே வந்து சேரும்போது மறுக்க முடியாத முடிவாகிவிடுகிறது. உயர்ந்த படையதிகாரியின் உண்மையான ஆயுதம் அவர் எழுதும் அந்த ஒரு பக்கத் தாள் என்று அன்றிலிருந்து நான் எண்ணத் தொடங்கினேன்.

இன்னொன்றும் உண்டு, என்னை மிகவும் அலைக்கழிப்பது அதுதான். 2002 இன் ஆலோசனைக்கு ஒரு நிபந்தனை இருந்தது: புலிகளிடம் ஆயுதம் இருக்கும்வரை வலயம் இருக்க வேண்டும். சரியோ பிழையோ, அது ஒரு காரணம். ஒரு படையதிகாரியாக அவர் அப்படிச் சிந்தித்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. 2009 மே மாதத்தில் அந்தக் காரணம் முற்றாக இல்லாமற்போனது. அதன்பின் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் திறக்கப்பட்டது. பலாலியையும் அச்சுவேலியையும் இணைக்கும் வீதியின் ஒரு துண்டு 2024 நவம்பரில் திறக்கப்பட்டபோது, முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்த வழியால் போகிறோம் என்று சனம் அழுதது. ஆனால் எஞ்சியிருக்கும் காணிகள் எந்தக் காரணத்துக்காக எஞ்சியிருக்கின்றன, அந்தக் காரணத்தை எழுதியவர் யார், எப்போது எழுதினார், அது பொருந்துகிறதா என்று கடைசியாக எவராவது பார்த்தாரா என்று கேட்டால், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரையும் சட்டத்தில் காணவில்லை. நிபந்தனை செத்துப்போய்விட்டது, ஆலோசனை மட்டும் உயிரோடு இருக்கிறது.

சில வாரங்களில் முடியும் என்ற சொல்

ஆலோசனையின் கனத்தை யாழ்ப்பாணம் அதற்கு முன்பும் ஒருமுறை அனுபவித்தது. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை புலிகளோடு மோத முடிவெடுத்தபோது இந்திய இராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி. மோதல் சில வாரங்களுக்குள் முடிந்துவிடும் என்று அவர் மதிப்பிட்டதாக, அக்காலத்தில் கொழும்பில் இந்தியத் தூதுவராக இருந்த ஜே. என். டிக்சித் பின்னாளில் எழுதினார். அந்த மதிப்பீட்டின் விலை எங்கள் வீதிகளில் கொடுக்கப்பட்டது. பல்கலைக்கழகப் பக்கம் ஹெலிகொப்டர்களில் இறக்கப்பட்ட சீக்கியச் சிப்பாய்களில் ஏறத்தாழ எல்லாருமே கொக்குவிலில் மாண்டார்கள். அடுத்த பத்து நாட்களுக்குள், தீபாவளி நாளில், யாழ். போதனா மருத்துவமனைக்குள் நோயாளிகளும் வைத்தியர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதற்கு மேல் நான் விவரிக்கத் தேவையில்லை; இதை வாசிப்பவர்களில் பலர் அந்த நாட்களில் இங்கே இருந்தவர்கள். சில வாரங்கள் என்று சொல்லப்பட்டது 1990 மார்ச்வரை நீண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினரும் அதைவிடக் கூடுதலான எங்கள் சனமும் செத்தார்கள்.

நான் சுந்தர்ஜி மீது மட்டும் பழி சுமத்த முயலவில்லை. முடிவெடுத்தவர்கள் புது தில்லியின் அரசியல் தலைவர்கள். ஆனால் ஒரு பிரதமர் படைத்தலைவரிடம் கேட்பது அடிப்படையில் ஒரேயொரு கேள்விதான்: இது முடியுமா, முடியுமானால் என்ன விலை? அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்வதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு பெரிய வேலை இல்லை. மேலிடம் கேட்க விரும்புவதைச் சொல்லும் தளபதி, போர்க்களத்தில் தோற்கும் தளபதியைவிட அதிகம் பேரைச் சாகடிக்கிறார்.

இதற்கு எதிர்த்திசையில் ஓர் உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. 2003 பெப்ரவரியில், ஈராக் மீது படையெடுப்பதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, அமெரிக்க இராணுவத்தின் தலைமைத் தளபதி ஜெனரல் எரிக் ஷின்செகி செனற் சபையின் குழு முன் அமர்ந்திருந்தார். போருக்குப் பின் ஈராக்கைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க எவ்வளவு படையினர் தேவைப்படும் என்று கேட்கப்பட்டது. பல இலட்சம் பேர் என்ற பொருள்படப் பதில் சொன்னார். பாதுகாப்புத் திணைக்களத்தின் அரசியல் தலைமை அதை உடனடியாக வெளிப்படையாக மறுத்தது. போர் அவர்கள் நினைத்தபடியே நடத்தப்பட்டது. அவருடைய சொல் எடுபடவில்லை. ஆனால் அது பதிவில் இருந்தது. யார் எச்சரித்தார், யார் கேட்காமல் விட்டார் என்று பின்னர் எவரும் மறைக்க முடியவில்லை. அந்த நாட்டுச் சட்டத்தில் இன்னோர் ஏற்பாடும் உண்டு: கூட்டுப் படைத் தலைவர்களில் ஒருவர் தலைவரின் கருத்தோடு உடன்படாவிட்டால், அந்த மாற்றுக்கருத்தையும் தலைவர் தமது ஆலோசனையோடு சேர்த்தே ஜனாதிபதியிடம் கொடுக்க வேண்டும். ஈராக்கில் அமெரிக்கா செய்தவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த ஏற்பாட்டின் பயனை மட்டுமே சொல்கிறேன்.

அதே நாட்டில் 2020 ஜூன் முதலாம் திகதி, கூட்டுப் படைத் தலைவர்களின் தலைவர் ஜெனரல் மார்க் மில்லி, ஆர்ப்பாட்டக்காரர்கள் விரட்டப்பட்ட சதுக்கத்தின் ஊடாகச் சீருடையோடு ஜனாதிபதிக்குப் பின்னால் நடந்து போனார். பத்து நாட்களில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தாம் அங்கே இருந்திருக்கக் கூடாது என்றும், படை உள்நாட்டு அரசியலில் தலையிடுகிறது என்ற தோற்றத்தை அது உண்டாக்கியது என்றும் சொன்னார். ஒரு நடைக்கே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்தப் பதவியில் இருப்பவர் உணர்ந்தார் என்பதை யாழ்ப்பாணத்தில் இருந்து வாசித்தபோது எனக்கு உண்டானது பொறாமை என்றே சொல்ல வேண்டும். எங்களுக்கு மன்னிப்புக் கேட்கப்பட வேண்டியவற்றின் வரிசை மிக நீளமானது.

அன்னத்துக்குப் போட்ட புள்ளடி

2010 ஜனவரித் தேர்தலைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. விலகிய பிரதானி ஜனாதிபதி வேட்பாளராக வந்தார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரித்தது. யாழ். மாவட்டத்தில் நாலில் ஒரு பங்கினரே வாக்களிக்கப் போனார்கள். போனவர்களில் ஏறத்தாழ அறுபத்துநான்கு வீதத்தினர் அவருடைய அன்னச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டார்கள். பெரியப்பா அவர்களில் ஒருவர். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெரியம்மா கேட்டார்: “இவ்வளவும் நடந்த பிறகு ஒரு ஆமிக்காரனுக்கோ புள்ளடி போட்டிட்டு வாறியள்?” பெரியப்பா சொன்ன பதில் இன்றும் எனக்குப் பாடமாக இருக்கிறது: “அனுப்பினவனை விடப் போனவனுக்கு எங்கட நிலைமை தெரியும்.” அன்று மாலை முழுவதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு என்பதால் இந்த வாக்குவாதத்தை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவின் வாக்கு மன்னிப்பும் அல்ல, மறதியும் அல்ல. முடிவெடுக்கும் அரசியல்வாதியைத் தண்டிக்க வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. போரைத் தன் கையால் நடத்தியவர் அதன் முடிவில் மக்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்று அறிந்திருப்பார் என அவர் நம்பினார். பெரியம்மா கேட்டதோ பொறுப்பின் கேள்வி: அந்த மாதங்களில் நடந்தவற்றுக்கு யார் பதில் சொல்வது? அதற்கு இன்றுவரை பதில் இல்லை. அரசியல் தலைவர்கள் களத்தில் நடந்ததைத் தளபதிகள் அறிவார்கள் என்கிறார்கள். தளபதிகள் மேலிடத்துக் கட்டளை என்கிறார்கள். பதவிநிலைப் பிரதானி தமக்குக் கட்டளை அதிகாரமே இல்லை என்று சட்டப்புத்தகத்தைக் காட்டலாம். அதிகாரத்தைப் பிரித்து வைத்தது கொடுங்கோலைத் தடுப்பதற்காக. அதே பிரிவினை பொறுப்பு நழுவிப்போகும் இடைவெளியாகவும் ஆகிவிட்டது. பொன்சேகா பின்னர் சிறை சென்றார், தரம் பறிக்கப்பட்டார், 2015 இல் பீல்ட் மார்ஷலாக உயர்த்தப்பட்டார். அந்த ஏற்ற இறக்கங்கள் எதுவும் 2009 இல் எங்களுக்கு நடந்தவற்றுக்குப் பதில் சொல்லவைப்பதற்காக அல்ல. எல்லாமே தெற்கின் அரசியல் பகையும் உறவும் சார்ந்தவை.

2022 ஜூலையிலும் இந்தப் பதவி ஒரு கணம் வெளிச்சத்துக்கு வந்தது. ஜனாதிபதி நாட்டை விட்டுப் போய்விட்ட அந்த நாட்களில், பதவிநிலைப் பிரதானியாக இருந்த ஜெனரல் சவேந்திர சில்வா தொலைக்காட்சியில் தோன்றி, அரசியல் தலைவர்கள் கூடி அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்கும்படி கேட்டிருப்பதாகச் சொன்னார். நாற்காலி வெறுமையாக இருந்த வேளையில் படைத்தலைவர் அதில் ஏறி அமராமல், தெரிவுசெய்யப்பட்டவர்களின் சொல்லுக்குக் காத்திருந்தார். 1962 ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் அதன் பெறுமதியை அறிவார்கள், நானும் ஏற்கிறேன். ஆனால் அவரே இறுதிப் போரில் 58 ஆவது படையணியை நடத்தியவர். அதன் தொடர்பில் 2020 இல் அமெரிக்கா அவருக்கு நுழைவுத் தடை விதித்தது. 2025 மார்ச்சில் பிரித்தானியா தடை விதித்தது. கொழும்புக்கு அரசியலமைப்பைக் காத்தவராகத் தெரியும் முகம், கிளிநொச்சியிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு வேறாகத் தெரிகிறது. அந்த மனிதரைப் பிரதானியின் நாற்காலியில் அமர்த்தியவர்கள், எங்களிடம் எதையும் கேட்கத் தேவையில்லை என்று நினைத்தார்கள் என்பதே எனக்கு மிஞ்சும் வருத்தம்.

நான் கேட்பது இதுதான். உயர்ந்த படையதிகாரிக்குக் கட்டளை அதிகாரம் கொடுங்கள் என்று நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். அவருடைய ஆலோசனைக்கு ஒரு முகமும் ஒரு திகதியும் கொடுங்கள் என்று கேட்கிறேன். பொதுமக்களின் காணியைப் பிடித்து வைத்திருக்கச் சொல்லும் ஒவ்வோர் இராணுவ ஆலோசனையும் எழுத்தில், காரணத்தோடு, பிரதானியின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். குறித்த காலத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படாவிட்டால் தானாகவே செல்லாததாக வேண்டும். இரகசியம் கெட்டுவிடும் என்பார்கள். எந்த மூலையில் எந்தப் பீரங்கி நிற்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேசிய பாதுகாப்புக்கு விலக்களிக்கிறது. ஆனால் பொதுநலன் அதைவிட மேலோங்கினால் தகவலை வெளியிட வேண்டும் என்றும் அதே ஐந்தாம் பிரிவு சொல்கிறது. ஒரு குடும்பத்தின் தோட்டம் ஏன் இன்னமும் தேவைப்படுகிறது என்ற காரணத்தின் ஒரு வரிச் சுருக்கத்தால் எந்த முகாமும் ஆபத்துக்குள்ளாகாது.

2009 ஆம் ஆண்டின் சட்டத்தைத் திருத்துவது பெரிய காரியம் அல்ல. அரசியலமைப்பில் கைவைக்கத் தேவையில்லை, பாராளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மையே போதும். பதவிநிலைப் பிரதானி ஆண்டுக்கு ஒருமுறையாவது பாராளுமன்றக் குழுவொன்றின் முன் தோன்றி, வடக்கிலும் கிழக்கிலும் படைகள் வைத்திருக்கும் தனியார் காணிகளுக்கான காரணங்களைச் சொல்ல வேண்டும் என்றும், மூன்று படைத் தளபதிகளில் எவருக்காவது மாற்றுக்கருத்து இருந்தால் அதையும் சேர்த்து முன்வைக்க வேண்டும் என்றும் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் காணி விடுவிப்புப் பற்றிச் சபையில் பேசும் ஒவ்வொரு முறையும் அமைச்சரைப் பார்த்தே பேசுகிறார்கள். அமைச்சர் பாதுகாப்புத் தரப்பின் ஆலோசனை என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். அந்த ஆலோசனையை எழுதியவரையே மேசைக்கு அழைத்து, இந்தக் காரணம் எந்த ஆண்டுக்குரியது என்று கேட்கும் உரிமைக்காக அவர்கள் ஒரு தனிநபர் பிரேரணையாவது கொண்டுவரட்டும். அதை வரைவதற்குக் கை தேவைப்பட்டால், மனு எழுதிப் பழகியவர்கள் வலிகாமம் வடக்கில் நிறையப் பேர் இருக்கிறோம்.